குறுகிய மேசையின் இருபுறமும்

2009 ஜூன் 17. பிரிட்டன் போயிருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் அமெரிக்கா திரும்பினான். அப்போது பிரிட்டனில் பொன்னுக்கு வீங்கி பரவிக்கொண்டிருந்தது. கோடை விடுமுறை என்பதால், நியூயார்க் மாநிலத்தின் சல்லிவன் கவுண்டியில் வைதிக யூதச் சிறுவர்களுக்காக நடந்த முகாமுக்குச் சென்றான். ஜூன் 28 அன்று அவனுக்கு நோய் வெளிப்பட்டது. முகாமில் 25 பேருக்கு வந்தது. கோடை முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். அடுத்த ஜூனுக்குள் நியூயார்க், நியூஜெர்சி வட்டாரங்களில் 3,502 பேர் நோயுற்றிருந்தார்கள்.

இந்த வரலாற்றைப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்த எண் வேறு. நோயுற்ற 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில், ஊசிப் பதிவு தெரிந்தவர்களில் 89 சதவீதம் பேர், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசியை இரண்டு தவணையும் போட்டுக்கொண்டவர்கள்.

அப்படியானால் ஊசி பயனற்றதா? கொஞ்சம் கணக்குப் போட்டால் தெளியும். பொன்னுக்கு வீங்கிக்கு எதிராக இரண்டு தவணை தரும் காப்பு சுமார் 88 சதவீதம். நூறு பேரும் ஊசி போட்ட ஊரில், நோய் வந்தால் அது ஊசி போட்டவருக்குத்தான் வந்தாக வேண்டும். வேறு ஆளே அங்கில்லை. ஆனால் இந்தக் கணக்கு பாதிதான் விளக்குகிறது. நோயுற்றவர்களில் 97 சதவீதம் பேர் வைதிக யூதர்கள். அதே தெருக்களில், அதே கடைகளில் புழங்கிய அக்கம்பக்கத்தாரிடம் நோய் பெரிதாகப் பரவவில்லை. ஏன்?

விடை ஒரு மேசையில் இருந்தது. யெஷிவா எனப்படும் சமயப் பள்ளிகளில் பையன்கள் இருவர் இருவராக, குறுகிய மேசையின் இருபுறமும் எதிரெதிரே அமர்ந்து யூதச் சமயச் சட்ட நூலான தல்மூத் பயில்கிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார், குரல் உயரும், முகம் நெருங்கும். ஹவ்ரூத்தா என்னும் இந்த முறை மிகப் பழையது, அழகானது. சில பள்ளிகளில் ஒரு நாள் படிப்பு 15 மணி நேரம் வரை நீள்கிறது. துணையும் நாளில் பலமுறை மாறுவதுண்டு. இத்தனை நெருக்கத்தில், இத்தனை நேரம் எச்சில் துளிகள் பட்டால் உடலுக்குள் போகும் வைரஸின் அளவு மிகுந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தூறலுக்குக் குடை போதும். அருவிக்கடியில் நின்றால் குடை என்ன செய்யும்? 13 முதல் 17 வயதில் நோயுற்றவர்களில் 78 சதவீதம் பேர் ஆண்பிள்ளைகள் என்பதும் இதோடு பொருந்துகிறது.

அந்தக் குடையின் கதையும் வியப்பானதே. 1963இல் மாரிஸ் ஹில்மன் என்ற விஞ்ஞானி, நோயுற்ற தன் ஐந்து வயது மகள் ஜெரில் லின்னின் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸைக் கோழிக் கருவில் வளர்த்து வலுவிழக்கச் செய்தார். அவள் பெயர் தாங்கிய அந்த வகைதான் அமெரிக்க எம்.எம்.ஆரில் இன்றும் இருக்கிறது.

கோடை முகாமும் ஒருவகையில் அந்த மேசைதான். ஒரே குடிலில் பல கட்டில்கள், ஒரே கூடத்தில் சாப்பாடு, சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் தட்டிக்கொண்டு உரத்த பாட்டு, இப்படியே வாரக்கணக்கில். வாசலில் காய்ச்சல் பார்த்தால் போதாதா என்று தோன்றலாம். பொன்னுக்கு வீங்கி 12 முதல் 25 நாள் வரை உடலில் மறைந்திருக்கும். கன்னம் வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கும். தட்டம்மையோ தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே தொற்றும். நோயாளி வெளியேறிய அறையின் காற்றிலும் இரண்டு மணி நேரம் வரை நிற்கும். வாசலில் நிற்கும் செவிலியரின் வெப்பமானிக்கு இது எதுவும் தெரியாது. ஊசி போட்ட தேதிகளை முகாம்கள் முன்கூட்டியே கேட்பது இதனால்தான்.

நோய் வந்த பிறகான விதிகளும் இதே நாட்கணக்கில் பிறந்தவை. பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் கண்டதிலிருந்து ஐந்து நாள் தனியறை. தட்டம்மை நோயாளியோடு பழகிய, ஊசி போடாத பிள்ளைக்கு 72 மணி நேரத்துக்குள் போட்டால் இன்னும் வாய்ப்புண்டு. தவறினால் 21 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அது கோடையில் கணிசமான பகுதி.

2018–19இல் நியூயார்க் நகரில் 649 பேருக்குத் தட்டம்மை வந்தது. பெரும்பாலோர் புரூக்ளினின் வைதிக யூதக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். இம்முறை கதை வேறு. நோயுற்றவர்களில் பெரும்பகுதியினர் ஊசியே போடாதவர்கள். 2019 ஜூன் 13 அன்று, பள்ளிகளில் சமயக் காரணம் காட்டி ஊசியைத் தவிர்க்கும் வழியை நியூயார்க் மாநிலம் மூடியது.

சமயமே அந்த வழியைத் திறந்து வைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. உயிர் காக்க ஓய்வுநாள் விதியையும் மீறலாம், மீற வேண்டும் என்பது யூத நெறி; அதைப் பிகூவாஹ் நெஃபெஷ் என்கிறார்கள். புது வீடு கட்டினால், யாரும் விழாதபடி மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பச் சொல்கிறது விவிலியத்தின் உபாகமம். தடுப்பூசியை அந்தச் சுவரோடு ஒப்பிட்டுப் பேசும் ரபிகள் உண்டு. எனக்கு இது மிகப் பொருத்தமாகப் படுகிறது. வீட்டுக்காரருக்கு மாடியின் விளிம்பு தெரியும். சுவர், வந்து போகிறவர்களுக்காக.

முகாமுக்கு வருகிறவர்களில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் சிறுமியும் இருக்கலாம். எம்.எம்.ஆரில் இருப்பது வலுவிழந்த, ஆனாலும் உயிருள்ள வைரஸ்; அதை அவளுக்குப் போட முடியாது. மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்குத் தரும் யூத முகாம்கள் பல. அவற்றில் அவளுக்குக் கட்டில் உண்டு. அவளுடைய குடிலில் தூங்கப்போகும் மற்ற எல்லாப் பிள்ளைகளின் படிவத்திலும் இரண்டு தேதிகள் இருக்க வேண்டும்.