பசியில் தொடங்கிய பள்ளிச் சீர்திருத்தம்

பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்ற கேள்வியிலிருந்து பிறந்த கல்விச் சீர்திருத்தங்களே தமிழகத்தில் நெடுங்காலம் நிலைத்திருக்கின்றன. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தது. அரசின் நிதி ஆதரவு இல்லாததால் அந்த முயற்சி இடையில் தடைபட்டது.

1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் பாட நேரத்தை அரை நாளாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆசிரியர், கட்டடப் பற்றாக்குறைக்கு அது கணக்களவில் ஒரு விடைதான். ஆனால் பிறந்த சாதியின் தொழிலிலேயே பிள்ளைகளை அது கட்டிப்போடும் என்று மக்கள் கொதித்தெழுந்தனர். குலக்கல்வித் திட்டம் என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. யாருக்காகத் திட்டம் தீட்டப்படுகிறதோ அவர்களைக் கேட்காமல் தீட்டினால் என்ன ஆகும் என்பதை இன்றும் கொள்கை வகுப்போர் இதிலிருந்து படிக்கலாம்.

காமராஜர் ஆட்சி எதிர்வழியில் சென்றது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்தான் இவற்றுள் தனித்து நிற்பவை. பள்ளிக்கு என்ன தேவை என்று ஊராரே கூடிப் பேசினர். வகுப்பறை, மேசை நாற்காலி, கரும்பலகை, சீருடை, நிலம் என்று அவரவர்க்கு இயன்றதை வழங்கினர். அரசு கட்டிய பள்ளியை ஊர் தன் பள்ளியாகக் கருதத் தொடங்கியது. இன்றைய பள்ளி மேலாண்மைக் குழுக்கள் கையெழுத்துப் போடும் கூட்டங்களாகச் சுருங்காமல் இருக்க, ஊராருக்கு முடிவெடுக்கும் பொறுப்பையும் கொடுத்த இந்த முன்மாதிரியே வழிகாட்ட வேண்டும்.

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. ஆட்சிகள் மாறியும் அடுத்தடுத்து வந்தவர்கள் முந்தையதை அழிக்காமல் அதன்மேலேயே கட்டியதுதான் இந்த நூறாண்டு உணவு முயற்சியின் பலம்.

வகுப்பறைக்குள் நடந்த மாற்றங்களுக்கு அந்தத் தொடர்ச்சி எளிதில் வாய்க்கவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுவதற்கும் வந்தது. அட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படி ஏறிச் செல்லும் முறை அது. பாடநூலை ஒட்டிக் கற்பித்துப் பழகிய ஆசிரியர்கள் தடுமாறினர். நடைமுறையும் பிறகு மாற்றப்பட்டது. ஆனாலும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்க வேண்டும் என்ற கருத்து அழியவில்லை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. ஒரே ஆசிரியர் பல நிலைகளை ஒருசேரக் கவனிக்க வேண்டியிருப்பதால், போதிய ஆசிரியர்களையும் தொடர்ந்த பயிற்சியையும் தந்தால்தான் இம்முறை பலன் தரும்.