மீளாச் செலவுப் பிழை

மீளாச் செலவுப் பிழை என்பது, ஏற்கனவே செலவழித்துவிட்ட, திரும்பப் பெற இயலாத பணம், நேரம் அல்லது உழைப்பைக் காரணமாகக் கொண்டு, இனி நன்மை தராத ஒரு செயலைத் தொடர்வதால் ஏற்படும் முடிவெடுத்தல் தவறு ஆகும். இது பொருளியல், உளவியல், மேலாண்மை ஆகிய துறைகளில் ஆராயப்படுகிறது. பெருந்திட்டங்களை நடத்தும் அரசுகள், வணிக நிறுவனங்கள், குடும்பங்கள், தனிமனிதர்கள் என எல்லா நிலைகளிலும் இப்பிழை காணப்படுகிறது.

கருத்து விளக்கம்

எந்த முடிவை எடுத்தாலும் மாறாமல் இருக்கும் கடந்தகாலச் செலவே மீளாச் செலவு ஆகும். விற்றுப் பணமாக்கக்கூடிய கருவிகள், திரும்பக் கிடைக்கக்கூடிய முன்பணம் ஆகியவை இதில் அடங்கா. ஒரு முடிவை எடுக்கும்போது, இனி ஆகும் செலவையும் இனி கிடைக்கும் பயனையும் மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது பொருளியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

எடுத்துக்காட்டாக, ஒரு வணிகர் புதிய கிளை ஒன்றை அமைக்க 8 இலட்சம் ரூபாய் செலவிட்டுள்ளார் என்று கொள்வோம். அப்பணம் மீளாது. பணியை முடிக்க இன்னும் 2 இலட்சம் ரூபாய் தேவை.

* கிளையிலிருந்து மொத்தம் 1.5 இலட்சம் ரூபாய் மட்டுமே கிடைக்கும் எனில், நிறுத்தினால் இழப்பு 8 இலட்சம். தொடர்ந்தால் இழப்பு 8.5 இலட்சம். எனவே நிறுத்துவதே சரி.
* 3 இலட்சம் ரூபாய் கிடைக்கும் எனில், தொடர்ந்தால் இழப்பு 7 இலட்சமாகக் குறையும். எனவே, மொத்தத்தில் இழப்பே ஆயினும், முடிப்பதே சரி.

இரண்டு நிலைகளிலும் முடிவைத் தீர்மானிப்பது 2 இலட்சத்துக்கும் வருங்கால வரவுக்கும் உள்ள வேறுபாடே. 8 இலட்சம் அன்று. ஆகவே, மீளாச் செலவைக் கணக்கில் கொள்ளாதிருத்தல் என்பது எப்போதும் கைவிடுதல் என்று பொருள்படாது.

ஆய்வுகள்

1976 ஆம் ஆண்டில் பாரி ஸ்டா என்பவர் வணிகவியல் மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வை நடத்தினார். ஒரு கற்பனை நிறுவனத்தின் நிதியை அதன் இரு பிரிவுகளுள் எதற்கு ஒதுக்குவது என்று மாணவர்கள் முடிவு செய்தனர். தாம் தேர்ந்தெடுத்த பிரிவு பின்னர் நலிவடைந்தது என்று அறிந்தவர்கள், அதே பிரிவுக்கே கூடுதல் நிதியை ஒதுக்கினர். முதல் முடிவைப் பிறர் எடுத்திருந்தபோது இப்போக்கு குறைவாக இருந்தது.

1985 இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு பரவலாக அறியப்பட்டது. அதில் பங்கேற்றவர்களிடம், 100 டாலருக்கு ஒரு பனிச்சறுக்குப் பயணச்சீட்டும், 50 டாலருக்கு இன்னொன்றும் வாங்கிய பின்னர், இரண்டும் ஒரே நாளில் வருவதை அறிந்ததாகக் கருதிக்கொள்ளுமாறு கூறப்பட்டது. மலிவான பயணமே கூடுதல் மகிழ்ச்சி தரும் என்றும் தெரிவிக்கப்பட்டது. எனினும் 61 பேரில் 33 பேர் விலை கூடிய பயணத்தையே தேர்ந்தெடுத்தனர்.

காரணங்கள்

இப்பிழைக்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

* இழப்பு வெறுப்பு: டேனியல் கானமன், அமோஸ் டிவெர்ஸ்கி ஆகியோர் 1979 இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, மனிதர்களுக்கு ஒரு தொகையை இழக்கும் துன்பம், அதே தொகையைப் பெறும் இன்பத்தைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. நிறுத்தினால் இழப்பு உறுதியாகிவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போட முயல்கின்றனர்.
* தன்முடிவை நியாயப்படுத்தல்: நிறுத்துவது, முதலில் எடுத்த முடிவு தவறு என்று ஒப்புக்கொள்வதாக அமைகிறது.
* வீணாக்காமை: பொருளை வீணாக்கக்கூடாது என்று இளமையில் கற்ற நல்லொழுக்கம், பொருந்தாத இடத்திலும் பயன்படுத்தப்படுகிறது.

வரலாற்று நிகழ்வுகள்

கான்கார்டு: ஒலியை விட விரைவாகப் பறக்கும் இப்பயணிகள் விமானத்தை உருவாக்கப் பிரித்தானியாவும் பிரான்சும் 1962 இல் உடன்படிக்கை செய்தன. செலவு முதல் மதிப்பீட்டைப் பன்மடங்கு தாண்டியபோதும் திட்டம் தொடர்ந்தது. 1976 இல் பயணிகள் சேவை தொடங்கியது. 2003 இல் முடிவுக்கு வந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஏர் பிரான்சு ஆகிய இரு நிறுவனங்கள் மட்டுமே 14 விமானங்களைச் சேவையில் ஈடுபடுத்தின. ரிச்சர்டு டாக்கின்சும் தாம்சின் கார்லைலும் 1976 இல் விலங்கு நடத்தை பற்றிய கட்டுரையில் இப்பிழையைக் கான்கார்டின் பெயரால் குறித்தனர். எனினும், உடன்படிக்கையில் விலகும் விதி இல்லாமையும் திட்டம் தொடர்ந்ததற்கு ஒரு காரணமாகும்.

இன்டெல்: நினைவகச் சில்லுகளால் வளர்ந்த இந்நிறுவனம், 1980களில் சப்பானிய நிறுவனங்களின் போட்டியால் இழப்பைச் சந்தித்தது. 1985 இல் ஆண்டுரு குரோவ், கார்டன் மூரிடம், தங்களை நீக்கிவிட்டுப் புதிய தலைவர் ஒருவர் அமர்த்தப்பட்டால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். நினைவகத் தொழிலை விட்டு விலகுவார் என்று மூர் விடையளித்தார். அவ்வாறாயின் அதைத் தாமே செய்யலாம் என்று அவர்கள் முடிவு செய்தனர். அதன்பின் நிறுவனம் நுண்செயலிகளில் முழுக் கவனம் செலுத்தியது.

அன்றாட வாழ்வில்

சீட்டு வாங்கிவிட்டதால் பிடிக்காத திரைப்படத்தை இறுதிவரை பார்த்தல், பணம் கொடுத்துவிட்டதால் பசியின்றியும் உண்ணுதல், அடிக்கடி பழுதாகும் ஊர்தியை மேலும் பழுதுபார்த்தல், வாங்கிய விலைக்கு வரட்டும் என்று சரியும் பங்குகளை வைத்திருத்தல் ஆகியவை பொதுவான எடுத்துக்காட்டுகள். விருப்பமில்லாத படிப்பில் இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன என்பது மட்டும் அதைத் தொடரப் போதிய காரணம் ஆகாது. எஞ்சிய காலமும் அதன்பின் உள்ள வாய்ப்புகளுமே ஆராயத்தக்கவை.

தவிர்க்கும் வழிகள்

* இன்று புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் இதில் ஈடுபடுவோமா என்று வினவுதல்.
* எவ்வளவு பணம் அல்லது காலத்துக்குப் பின் நிறுத்துவது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்தல்.
* தொடங்கியவர் அல்லாத வேறொருவரைக் கொண்டு மறுஆய்வு செய்தல்.
* தவறு என்று அறிந்து நிறுத்தியவரைத் தண்டிக்காதிருத்தல்.

மாற்றுக் கருத்துகள்

கடந்தகாலச் செலவைக் கருதுவது எப்போதும் பிழை ஆகாது என்ற கருத்தும் உண்டு. பெற்ற பட்டறிவு வருங்காலத்தை மதிப்பிட உதவுகிறது. கொடுத்த வாக்கைக் காப்பவர் என்ற நற்பெயருக்கும் மதிப்பு உண்டு. ஆயினும் இவையும் இனி கிடைக்கும் பயன்களாகவே கணக்கிடப்பட வேண்டும்.