நெருப்பைப் பற்றிச் சோளகரிடம் கேட்டபோது

உண்ணிச்செடியைப் பார்க்காத தமிழர் அரிது. மஞ்சளும் ரோஜா நிறமும் கலந்த சின்னப் பூங்கொத்து, பழுத்தால் கருநீலமாகும் காய், இலையைக் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாடை. ரயில்பாதை ஓரத்திலும் மலைச்சாலை வளைவிலும் தானாக வளர்ந்து கிடக்கும். அமெரிக்க வெப்பமண்டலச் செடியான இதை 1800-களின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். வேலி தாண்டியது, காடு புகுந்தது. இன்று இந்தியக் காடுகளில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் அது பரவியிருப்பதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர்தான்.

உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மானுக்கும் காட்டெருதுக்கும் தீவனம் இல்லை. அவை நகர்ந்தால் புலிக்கும் இரை இல்லை. உண்ணிச்செடியைத் தின்னும் பூச்சிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்டுப் பார்த்தார்கள். வெட்டினார்கள், வேரோடு பிடுங்கினார்கள். செடி அசரவில்லை. அப்படியானால் அதை இவ்வளவு காலம் கட்டிவைத்திருந்தது எது, எப்போது அந்தக் கட்டு அவிழ்ந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய விஞ்ஞானிகள், காட்டுக்குள் வாழும் மக்களிடம் போய் உட்கார வேண்டியிருந்தது. அது நடந்த இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சருகு நெருப்பு

சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினால் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம். அங்கே பிளிகிரி ரங்கசாமி மலை, சுருக்கமாக பி.ஆர். மலை. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் இந்தக் காட்டின் பரப்பு சுமார் 540 சதுர கிலோமீட்டர். அடிவாரத்தில் முட்புதர்க் காடு, மேலே ஏற ஏற இலையுதிர் காடு, பசுமைமாறாக் காடு, உச்சியில் சோலையும் புல்வெளியும். இதற்குள்ளும் ஓரங்களிலும் சோளகர் பழங்குடியினரின் குடியிருப்புகள் அறுபது அளவில் உள்ளன. அவற்றை ‘போடு’ என்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் சோளகரும் இதே மக்கள்தான். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வழியாகத் தமிழ் வாசகர்கள் இவர்களை அறிவார்கள்.

1974-இல் பி.ஆர். மலை சரணாலயம் ஆனது. இடம் மாற்றி இடம் மாற்றிக் கேழ்வரகும் அவரையும் விதைத்த விவசாயம் நின்றது. வேட்டைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடை. அதே சட்டம் சரணாலயத்துக்குள் தீ வைப்பதையும் குற்றமாக்கியது. இவற்றில் நின்றுபோன ஒரு வழக்கத்தின் விளைவு வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆயின. அதன் பெயர் ‘தரகு பெங்கி’, அதாவது சருகு நெருப்பு.

கோடைக்கு முன்பே, தை மாசி வாக்கில், தரையில் கிடக்கும் சருகுக்கும் காய்ந்த புல்லுக்கும் சோளகர் தீ வைப்பார்கள். இரவுப் பனியின் ஈரம் அடிமண்ணில் இன்னும் இருக்கும். எரிவதற்கு அந்த ஓராண்டுச் சருகு மட்டுமே உண்டு. அதனால் தீ உயராமல் தரையோடு ஊர்ந்து போய் அடங்கிவிடும். தடித்த பட்டையுள்ள பெரிய மரத்துக்குச் சேதம் குறைவு. உண்ணிப்பூச்சிகள் குறையும், நடைபாதை தெளியும், யானை வருவது தூரத்திலேயே தெரியும், மழைக்குப் பின் இளம்புல் கிளம்பும். காட்டில் கிழங்கும் நெல்லியும் தேனும் சேகரிக்கப் போகிறவர்களுக்கு இது ஆண்டுதோறும் செய்கிற வேலை.

புத்தகம் சொன்னது ஒன்று

பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அறக்கட்டளை பல ஆண்டுகளாக இந்த மலையில் ஆய்வு செய்துவருகிறது. அதன் ஆய்வாளர்கள் அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் 2005-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். தீ மரத்தடிகளைக் காலி செய்கிறது. காலியான இடத்தில் உண்ணிச்செடி நுழைகிறது. அதன் காய்ந்த கிளைகள் அடுத்த தீக்கு விறகாகின்றன. பெரிய தீ இன்னும் பெரிய இடத்தைக் காலி செய்கிறது. தீயும் செடியும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சி இது. காட்டுத்தீயை எதிரியாகவே பார்த்துப் பழகிய வனத்துறைக்கும் இந்த விளக்கம் இயல்பாகப் பொருந்தியது.

பிறகு அளவெடுப்பு. மலை முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, 1997-இல் தாவரக் கணக்கெடுத்த 130-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு 2008-இல் திரும்பப் போய் எண்ணினார்கள். 1997-இல் ஐந்தில் இரண்டு பங்கு இடங்களில்தான் உண்ணிச்செடி இருந்தது. பதினோரு ஆண்டுகளில் அது ஐந்தில் நான்கு பங்காகிவிட்டது. சருகு நெருப்பு தடைசெய்யப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன காட்டில் இது நடந்திருக்கிறது.

அளவெடுப்போடு நிற்காமல் சோளகர் பெரியவர்களிடம் ஆய்வாளர்கள் முறையாகப் பேட்டி எடுத்தார்கள். அவர்கள் சொன்ன கதை தலைகீழாக இருந்தது. உண்ணிச்செடி நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே இங்கே உண்டு. ஆண்டுதோறும் வைத்த சருகு நெருப்பு அதன் விதையையும் நாற்றையும் அழித்துக்கொண்டிருந்தது. நெருப்பை நிறுத்தினீர்கள், நாற்று புதராகிவிட்டது. இதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். 2012-இல் வெளியான கட்டுரையில் இந்த விளக்கத்தை ஆய்வாளர்கள் முழுமையாகப் பதிவு செய்தார்கள். தங்கள் பழைய கருதுகோளை அப்படியே இந்த மலைக்குப் பொருத்த முடியாது என்பதையும் கணக்கில் எடுத்தார்கள்.

எல்லாத் தீயும் ஒரே தீ அல்ல

இதில் யார் சொன்னது சரி? இரு தரப்பும் வெவ்வேறு தீயைப் பற்றிப் பேசின என்பதே பொருத்தமான பதில்.

ஒரு தீ எவ்வளவு கடுமையாக எரியும் என்பதை எரிபொருளின் அளவு, அதிலுள்ள ஈரம், காற்று, நிலத்தின் சரிவு ஆகியவை தீர்மானிக்கின்றன. தை மாதத்து ஓராண்டுச் சருகில் பற்றும் தீ முழங்காலளவு. பத்தாண்டு தீயே படாமல் சருகும் விறகும் சேர்ந்து, நடுவில் ஆளுயர உண்ணிப்புதர் அடைத்துக்கொண்ட காட்டில், சித்திரை வெயிலில் பற்றும் தீ வேறு ரகம். புதர் ஏணியாகி நெருப்பை மர உச்சிக்கு ஏற்றிவிடுகிறது. முதல் தீ நாற்றைக் கொல்லும், மரத்தை விட்டுவைக்கும். இரண்டாவது தீயில் மரம் சாகும். ஆனால் முதிர்ந்த உண்ணிச்செடியோ அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து, காலியான இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே “பழையபடி தீ வைத்தால் போதும்” என்ற முடிவுக்கும் இந்த ஆய்வு இடம் தரவில்லை. புதர் மண்டிய இடத்தில் இன்று தீ வைப்பது பேராபத்து. முதலில் செடியை வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். விதை முளைத்து வரும் அடுத்த சில ஆண்டுகளில் சருகு நெருப்பு போன்ற தணிந்த தீ உதவுமா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கச் சோதனைத் திடல் வேண்டும். அந்தத் திடலுக்கு அனுமதி தர வேண்டியது நிலத்தின் பொறுப்பாளரான வனத்துறை.

நெல்லியும் புல்லுருவியும்

நெல்லியிலும் இதே பாடம் கிடைத்தது. 1990-களில் சோளகர் குடும்பங்களின் ரொக்க வருமானத்தில் ஏறத்தாழ பாதி, நெல்லிக்காய், தேன், பாசி போன்ற வனப்பொருள்களிலிருந்து வந்தது. அதிகம் பறிப்பதால் நெல்லிக் கன்றுகள் குறைகின்றனவா என்பது ஆய்வாளர்களின் கவலை. இதற்காகச் சித்தப்பா செட்டி, கமல் பாவா உள்ளிட்டோர் ஒரு கூட்டுக் கண்காணிப்பு முறையை உருவாக்கினார்கள். பறிப்புக்கு முன் சேகரிப்பவர்களும் ஆய்வாளர்களும் கூடி, எந்தப் பகுதியில் எவ்வளவு காய் இருக்கும் என்று மதிப்பிடுவார்கள். எவ்வளவு பறிக்கலாம், எவ்வளவு விடவேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். பறித்து முடிந்தபின் மறுபடி கூடிக் கணக்குப் பார்ப்பார்கள். இந்த முறையை மதிப்பிட்ட ஆய்வு 2008-இல் வெளியானது.

அந்தப் பேச்சுகளில் சோளகர் திரும்பத் திரும்பச் சொன்னது பறிப்பைப் பற்றியல்ல, புல்லுருவியைப் பற்றி. நெல்லி மரக் கிளையில் வேரூன்றி அதன் சாற்றை உறிஞ்சும் இந்த ஒட்டுண்ணி பெருகிவிட்டது, மரங்கள் அதனால்தான் சாகின்றன, சருகு நெருப்பு இருந்தவரை அது இவ்வளவு இல்லை என்றார்கள். 2010-இல் லூசி ரிஸ்ட் தலைமையில் வந்த ஆய்வு இந்த அறிவை அறிவியல் தரவுகளோடு ஒப்பிட்டது. புல்லுருவி மரத்தைக் கெடுக்கிறது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயின. தீயின் பங்கில் கருத்து வேறுபாடு நீடித்தாலும், சோளகரின் கூற்று சோதித்துப் பார்க்கத்தக்கது என்பது தெளிவானது. ஆனால் 2000-களின் நடுவில் சரணாலயத்தில் விற்பனைக்கான சேகரிப்புக்கே தடை வந்தது. கூடிக் கணக்குப் பார்த்த ஏற்பாடும் அதோடு தளர்ந்தது.

தெய்வங்களின் வரைபடம்

வனத்துறை வரைபடத்தில் சரகம், பீட், தீத்தடுப்புக் கோடு, ரோந்துப் பாதை இருக்கும். சோளகரின் மனத்தில் வேறு வரைபடம் உண்டு. மலை அவர்களின் குலங்களுக்கு உரிய ‘எல்லை’களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வோர் எல்லைக்கும் ஒரு தேவரு, ஒரு மாரம்மா, ஒரு வீரு, முன்னோருக்குக் கல் நடும் கல்லுகுடி, நீர்த்தெய்வத்தின் அப்பி. ‘தொட்டசம்பிகெ’ என்ற மாபெரும் செண்பகமரம் அவர்களுக்குக் கோயில். மலைமேல் இருக்கும் ரங்கசாமியோ, தங்கள் பெண்ணான குசுமாலையைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. அதனால் அவரை உறவுமுறை சொல்லியே கூப்பிடுகிறார்கள்.

சோளகர் பெரியவர்கள் முன்னே நடக்க, இளைஞர்களும் ஏட்ரீ ஆய்வாளர்களும் ஜி.பி.எஸ். கருவியோடு பின்னே நடந்து, இந்த இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான இடங்கள் வரைபடத்தில் ஏறின. இதில் முன்னின்றவர்களில் சி. மாதேகௌடாவும் ஒருவர். சோளகர் சமூகத்தில் பிறந்து, முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர் அவர்.

ஆள் நடமாட்டமே இல்லாத இயற்கை என்று கருதப்பட்ட காட்டில், பெயரில்லாத மூலை மிகக் குறைவு என்பதை அந்த வரைபடம் காட்டியது. அதற்குச் சட்டப் பயனும் இருந்தது. 2011 ஜனவரியில் பி.ஆர். மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, வெளியேற்றப்படுவோமோ என்ற அச்சம் போடுகளில் பரவியது. 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் தங்கள் உரிமையை நிறுவ சோளகருக்கு ஆதாரம் தேவைப்பட்டது. 2011 அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இப்படி உரிமை வழங்கப்பட்டது நாட்டில் அதுவே முதல்முறை.

மூன்றாவது நாற்காலி

பி.ஆர். மலைக் கதையில் விஞ்ஞானியும் சோளகரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருந்தது. வனத்துறை அனுமதி கொடுக்கும் இடத்திலும் மறுக்கும் இடத்திலும் இருந்ததே தவிர, கேள்வியை வகுக்கும் இடத்தில் இல்லை. அதனால்தான் தீயைப் பற்றிய முடிவு கட்டுரையில் நிற்கிறது, காட்டுக்குள் சோதனையாக இறங்கவில்லை.

இதை நிலையான ஏற்பாடாகச் செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு மாதிரி உண்டு. 1999-இல் அங்கே கூட்டுறவுச் சூழலியல் ஆய்வு அலகுகள் தொடங்கப்பட்டன. நாடு 17 உயிர்ப்புவியியல் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் தேசியப் பூங்காத் துறை, வனத்துறை போன்ற மத்திய அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்தன. பழங்குடி அமைப்புகள் சிலவும் உறுப்பினராக உள்ளன. பூங்கா மேலாளருக்கு ஒரு சிக்கல் வந்தால், ஒவ்வொரு முறையும் புதிதாக ஆள் தேட வேண்டாம். பல்கலைக்கழகம் நிர்வாகச் செலவாக எடுக்கும் பங்குக்கும் 17.5 சதவீதம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். சூழலியலாளர், தொல்லியலாளர், மானுடவியலாளர் எல்லோரும் அந்த ஒரே குடையின்கீழ் வருகிறார்கள். பொது நிலத்தில் மரமும் மானும் எவ்வளவு சொத்தோ, நடுகல்லும் வழிபாட்டிடமும் அவ்வளவு சொத்து என்று ஆவணத்திலேயே ஏற்றுக்கொண்ட அமைப்பு அது.

இங்கே செய்ய வேண்டியது

தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஷயமல்ல. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் உண்ணிச்செடியும் இருக்கிறது, சோளகரும் ஊராளிப் பழங்குடியினரும் இருக்கிறார்கள். முதுமலைப் பக்கத்திலும் அதே நிலை. அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றவும் காட்டை மீட்கவும் 2022-இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. உண்ணித் தண்டைக் கொண்டு மரச்சாமான் செய்ய கர்நாடகத்தின் மாதேசுவரன் மலையில் சோளகர் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். நீலகிரிப் பழங்குடிக் கலைஞர்கள் அதே தண்டால் செய்த நிஜ அளவு யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. பிடுங்கும் கையும் இருக்கிறது, பிடுங்கியதைப் பொருளாக்கும் கையும் இருக்கிறது.

இல்லாதது பிடுங்கிய பிறகு என்ன என்பதற்கான கூட்டு ஆய்வு. உண்ணிச்செடி அகற்றப்பட்ட இடங்களில் சிலவற்றைச் சோதனைத் திடல்களாக ஒதுக்கலாம். சிலவற்றில் தை மாதத்தில் வனத்துறை ஊழியர் முன்னிலையில் சோளகர் தங்கள் முறைப்படி சருகு நெருப்பு வைக்கட்டும். சிலவற்றை அப்படியே விடட்டும். புல், நாற்று, புல்லுருவி, மான் புழுக்கை எல்லாவற்றையும் ஐந்தாறு ஆண்டுகள் மூன்று தரப்பும் சேர்ந்து எண்ணட்டும். எந்த இடத்தில் கல்லுகுடி இருக்கிறது, எந்தச் சுனைக்குப் பக்கத்தில் தீ கூடாது என்பதைக் கிராம சபை முதலிலேயே சொல்லட்டும். விடை சோளகருக்குச் சாதகமாக வரலாம், வராமலும் போகலாம். எது வந்தாலும் மூவரும் அதை ஏற்பார்கள், ஏனென்றால் கேள்வியை மூவரும் சேர்ந்து கேட்டிருப்பார்கள்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் காட்டைப் பாதுகாக்கும், நிர்வகிக்கும் உரிமையை ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. மாநில அரசிடம் கொள்கை இருக்கிறது, பல்கலைக்கழகங்களிடம் ஆள் இருக்கிறது. வனத்துறை அந்த மூன்றாவது நாற்காலியில் வந்து உட்கார வேண்டும்.