எந்தச் சாம்பல்?

வீட்டுச் சுவருக்கு மஞ்சளா, நீலமா என்ற விவகாரம் எளிதில் தீர்ந்துவிடும். இக்காலத்தில் பலர் விரும்பும் மண் கலந்த சாம்பல் நிறத்தில், ஒன்றையொன்று ஒத்த இரண்டில் எதைப் பூசுவது என்று தயங்கும்போதுதான் குடும்பத்தில் தர்க்கம் மூளுகிறது. பணம் செலவாவதோடு, பூசிய நிறத்தைப் பல வருஷம் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டுமல்லவா?

'கிரேஜ்' என்று வழங்கும் இந்நிறத்தின் பெயர், கச்சாப் பட்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே, கமண்டல நாகநதி பாயும் ஆரணிப் பட்டணத்தின் தொழிலைக் கொண்டே இதற்கு வழி காண்போம்.

கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு 'செரிஸின்' என்னும் பசை. சோப்பு நீரில் காய்ச்சி அதைப் போக்கிய பின்னரே பட்டுக்குப் பளபளப்பு வருகிறது. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த சேலையைச் சற்றே அசைத்தால், அதன் சாயல் மாறுவதை நம் பெண்மணிகள் நன்கறிவார்கள். நிறம் என்பது சாயத்தில் மட்டும் இல்லை. அதன்மேல் விழும் ஒளியிலும், அண்டையிலுள்ள நிறத்திலும் இருக்கிறது.

இவ்வுண்மையை விளக்கியவர் ஷெவ்ருல் என்னும் ரஸாயன நிபுணர். 1824-இல் பாரிஸ் கோபெலின் நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்கு அவர் தலைவரானார். கறுப்பு நூலில் அழுத்தமில்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்ததில் சாயம் குற்றமற்றது என்றும், பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கச் செய்தன என்றும் கண்டார். 1839-இல் இதைப் பற்றிப் பெரிய நூலும் வெளியிட்டார்.

ஆகையால், கடை விளக்கின் கீழ்ச் சிறு அட்டையைப் பார்த்து முடிவு செய்யலாகாது. முதலில் இரண்டையும் தூய வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பாருங்கள்; ஒன்றில் மஞ்சளும் மற்றொன்றில் ஊதாவும் ஒளிந்திருப்பது புலப்படலாம். பிறகு இரண்டடிப் பலகைகளில் இரண்டு பூச்சுப் பூசி, அந்த அறையிலேயே ஒவ்வொரு சுவரிலும் சாத்தி, காலையிலும் மாலையிலும் விளக்கேற்றிய பின்னும் கவனியுங்கள். சிவப்பு ஜமக்காளத்தின் அருகே சாம்பல் சற்றுப் பசுமையாய்த் தோன்றும். மஞ்சள் விளக்கில் இன்னும் வெதுவெதுப்பாய்க் காணும். குடும்பத்தார் எந்நேரத்தில் அதிகமாய்க் கூடுகிறார்களோ, அந்நேரத்து ஒளியே தீர்ப்புச் சொல்லட்டும். தேர்ந்த நிறத்தை வேண்டிய அளவுக்கு ஒரே கலவையாக வாங்கிவிடுவது நலம். மறு கலவை சிறிது மாறக்கூடும்.

இத்தனைக்குப் பின்னும் வேற்றுமை தெரியவில்லையென்றால், விலை குறைந்ததையே வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத பேதத்துக்காக வீட்டில் பேதம் எதற்கு?