வேலியே பயிரை மேய்ந்தால்...

வாய்ப்புண் என்றதும், "உடல் சூடு" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மணத்தக்காளிக் கீரை உண்டு, ஆறிவிடும் என்று இருக்கிறோம். பெரும்பாலும் ஆறியும் விடுகிறது. ஆனால் மாதக்கணக்கில் ஆறாத புண்களும் உண்டு. அவற்றுள் சிலவற்றிற்குக் காரணம் சூடும் அன்று, கிருமியும் அன்று. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே!

வெள்ளையணுக்களில் ஒருவகை லிம்போசைட்டுகள். இவற்றுள் 'டி' அணுக்கள் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெற்று, பகையணுக்களை நேரே தாக்குகின்றன. 'பி' அணுக்களோ எதிர்ப்பொருள்களை உண்டாக்க உதவுகின்றன. தன்னுடையது எது, அயலது எது என்று பிரித்தறிவதே இவற்றின் திறமை. அத்திறமை பிறழும்போது வேலியே பயிரை மேய்கிறது.

1869-இல் எராஸ்மஸ் வில்சன் என்ற ஆங்கில மருத்துவர் 'லைக்கன் பிளேனஸ்' என்னும் நோயை விவரித்தார். இந்நோயில் கன்னத்தின் உட்புறத்தில் கோலமிட்டாற்போல் வெண்கோடுகள் தோன்றும். சிலருக்குப் புண்ணாகிக் காரம் பட்டால் எரியும். அவ்விடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோலுக்குச் சற்றுக் கீழே 'டி' அணுக்கள் பட்டை போல் நெருங்கி நின்று, மேல்தோலின் அடிவரிசை அணுக்களை அழிப்பதைக் காணலாம்.

'பெம்பிகஸ்' என்பது மற்றொரு நோய். இதில் எதிர்ப்பொருள்கள், மேல்தோலின் அணுக்களைப் பிணைக்கும் டெஸ்மோகிளீன் என்ற புரதத்தைத் தாக்குகின்றன. சாந்து உதிர்ந்த செங்கற்சுவர் போல் அணுக்கள் பிரிகின்றன. கொப்புளங்கள் எழுந்து உடைகின்றன. இங்கே அழற்சி அணுக்கள் அவ்வளவு திரளாக நிற்பதில்லை.

கண்ணுக்கு இரண்டும் புண்தான், மருத்துவமோ வேறு. ஆகவேதான் மருத்துவர் சிறு துணுக்குச் சதையை எடுத்துச் சோதிக்கிறார். அதற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. இந்நோய்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவனவும் அல்ல. நோயுற்றவருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்து ஒதுக்குவது அறியாமை. அன்புக்கும் அடாத செயல்.

தோழியரே, வாயில் வரும் லைக்கன் பிளேனஸ் நடுவயதுப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. வீட்டில் எல்லோருக்கும் காரசாரமாகச் சமைத்துப் பரிமாறிவிட்டு, தான் மட்டும் மோர்ச்சோறு உண்ணும் தாயை நாம் கவனிக்கிறோமா? நூற்றில் ஓரிருவருக்கு இது புற்றுநோயாகவும் மாறக்கூடும். மூன்று வாரத்திற்குமேல் ஆறாத புண் எதுவாயினும், அம்மாவின் கைபிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.