வாயடைத்த துப்பாக்கிகள்

சென்ற பொங்கலுக்கு மறுநாள் காலையில், என்னிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் படித்த மாணவன் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். இப்போது அவன் ஒரு பெரிய கம்பெனியில் இஞ்சினீயர். உத்தியோக நிமித்தமாக வருஷத்தில் பாதி நாள் கடல் கடந்த தேசங்களில் கழிக்கிறான். வாத்தியாருக்குச் சீமைப் பேனாவோ சாக்லேட்டோ கொண்டு வந்திருப்பான் என்று எண்ணினேன். அவனோ ஒரு மரப்பெட்டியைத் திறந்து, பித்தளைப் பூண் போட்ட கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்து மேஜைமீது வைத்தான்!

காப்பி கொண்டு வந்த என் மனைவி தம்ளரோடு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"பயப்படாதீர்கள் அம்மா. இது சுடாது, வெறும் மாதிரிதான்" என்று சிரித்தான் அவன்.

"சுடாவிட்டால் என்ன? பார்ப்பவர்களுக்கு அது தெரியுமா?" என்றாள் அவள். அந்தக் கேள்வியில் எவ்வளவு சட்டஞானம் அடங்கியிருக்கிறது என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கிற்று.

இருவகை ஊமைகள்

சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். சிலர் நாணயம் சேர்ப்பார்கள். என் மாணவனுக்கோ போகும் தேசமெங்கும் வாயடைத்த துப்பாக்கிகளைத் தேடுவதில் மோகம். அவற்றில் இரண்டு வகை உண்டாம். ஒன்று, பிறவி ஊமை: ஸ்பெயின் முதலிய நாடுகளில் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்த்து விற்கும் மாதிரிகள். மற்றொன்று, ஒரு காலத்தில் உண்மையாகவே சுட்டுப் பின்னர் ஊமையாக்கப்பட்டவை. குழலை அடைத்து, வெட்டி, பற்றவைத்து, மருந்தைத் தட்டும் ஊசியையும் நீக்கிவிடுவார்கள். இங்கிலாந்தில் 1988-ஆம் வருஷத்துச் சட்டப்படி லண்டன் அல்லது பர்மிங்ஹாமில் உள்ள சோதனை நிலையம் முத்திரையிட்டுச் சான்றிதழும் தரும்.

இவ்வளவு செய்தும் அபாயம் தீர்ந்துவிடவில்லை. 2015 ஜனவரியில் பாரிஸ் நகரில் நடந்த கொலைகளில், ஊமையாக்கி விற்கப்பட்டுப் பிறகு மீண்டும் வாய் திறக்கப்பட்ட துப்பாக்கிகளும் பயன்பட்டன. அதன் பின்னரே, அவ்வருஷக் கடைசியில், ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான கடும் விதிகள் ஏற்பட்டன.

நம் தேசத்துக்கு இவ்விஷயத்தில் தனிக் கதை உண்டு. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டு வந்த ஆயுதச் சட்டம், இந்தியன் உரிமச்சீட்டு இன்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. வெள்ளையருக்கு மட்டும் விலக்களித்தது. அந்த அவமானம் எவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தது என்றால், 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, அடிப்படை உரிமைகளின் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தது. சுதந்திர இந்தியா 1959-இல் தானே ஒரு சட்டம் செய்துகொண்டது. பழங்கால மாதிரியானதோ பழுதானதோ ஆன துப்பாக்கிக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் அதனால் சுட இயலாது என்றிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆகவே, வெளிநாட்டிலிருந்து இத்தகைய பொருளைக் கொண்டுவர விரும்புவோர், வாங்குவதற்கு முன்பே சுங்க அதிகாரிகளிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வதே உசிதம். கைப்பெட்டியில் வைத்து விமானம் ஏற நினைக்கவே கூடாது. என் மாணவன் வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் அப்படிச் செய்து, அரை நாள் கைதிபோல் உட்கார்ந்திருந்தானாம். உண்மைத் துப்பாக்கிகளையெல்லாம் அங்கேயே விற்றுவிட்டு, இந்த மாதிரியை மட்டும் ரசீதோடும் அனுமதியோடும் கொண்டு வந்திருக்கிறான்.

ஒரு கேள்வி

துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலக் குதிரைப்படையினர் வைத்திருந்த கைத்துப்பாக்கியின் நகல். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் எஃகில் மோதிப் பொறி பறக்கும். அப்பொறி மருந்தில் பற்றும்.

"ஸார், இந்த மாதிரித் துப்பாக்கியெல்லாம் நம் ஊர்ப் பக்கம் வந்ததுண்டா?" என்று கேட்டான் அவன்.

எனக்குச் சுருக்கென்றது. சரித்திர பாடத்தை அவனுக்குப் போதித்தவன் நானேதான். நான்கு மைசூர் யுத்தங்களின் வருஷங்களையும் ஒப்புவிக்கச் செய்து, அவனுக்கு நல்ல மார்க்கும் போட்டேன். ஆனால், 1791-இல் ஆங்கிலப் படை நம் பென்னாகரம் கோட்டையைத் தாக்கிப் பிடித்ததை நான் சொல்லவில்லை. அதே படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின்மீது பாய்ந்து, ஏற முடியாமல் திரும்பியதைச் சொல்லவில்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தப் பாராமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியின் கைக்கு மாறியதையும், ரீடு துரையும் மன்றோவும் நம் ஊரிலிருந்து வரி வசூலித்ததையும் சொல்லவில்லை. தருமபுரிப் பையன் லண்டன் கடையில் பணம் கொடுத்து வாங்கிய பொருள், அவன் பாட்டன்மார் வாசலிலேயே வெடித்த பொருள்!

1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின், திப்புவின் ஆயுதங்கள் கொள்ளைப் பொருளாகப் பங்கிடப்பட்டன. இன்று அவற்றுள் பல, வேல்ஸ் நாட்டுப் போவிஸ் மாளிகையிலும் இங்கிலாந்தின் பொருட்காட்சி சாலைகளிலும் இருக்கின்றன. திப்புவின் வாள் ஒன்று 2023-இல் லண்டனில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகளைப் பார்த்தே, காங்கிரீவ் என்பவர் ஆங்கிலேயருக்கு ராக்கெட் செய்து கொடுத்தார். ராமேசுவரத்து அப்துல் கலாம் 1960-களில் அமெரிக்காவின் வாலப்ஸ் ராக்கெட் தளத்துக்குப் போனபோது, அங்கே சுவரில் கண்டது திப்புவின் ராக்கெட் படையின் சித்திரம். நம் வீரத்தை நாம் கடல் கடந்து போய்த்தான் அறிய வேண்டும் போலும்! 2018-இல் கர்நாடகத்துச் சிவமொக்கா ஜில்லாவில், நகரா என்னும் ஊரின் பாழுங்கிணற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ராக்கெட்டுகள் சேற்றிலிருந்து வெளிப்பட்டன.

ஔவை கண்ட ஆயுதசாலை

ஆயுதம் சேர்ப்பதைப் பற்றித் தமிழில் வாய் திறந்தவர் ஒருவர் நம் ஊருக்கு உறவானவர். தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். தகடூர் அதியமானுக்காக ஔவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனார். அவன் தன் ஆயுதசாலையைப் பெருமையோடு காட்டினான். மயிற்பீலி சூட்டி, மாலையிட்டு, நெய் பூசிய ஆயுதங்கள் காவலுள்ள மாளிகையில் பளபளத்தன. ஔவையார் அவற்றைப் புகழ்வதுபோல் புகழ்ந்துவிட்டு, அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. ஆயுதத்தின் மதிப்பு அதன் மெருகில் இல்லை. அதைப் பிடித்த கையிலும், அது நின்ற காரணத்திலும் இருக்கிறது என்பதே அதன் கருத்து.

மறுநாள் அவனைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கே வரிசையாக நடுகற்கள் நிற்கின்றன. இடது கையில் வில், வலது கையில் வாள், உடலில் தைத்த அம்புகள். ஆநிரை மீட்கப் போய் மாண்டவன், ஊருக்குள் புகுந்த புலியோடு பொருது வீழ்ந்தவன் என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை. சிலவற்றில் பல்லவர் காலத்து வட்டெழுத்தில் வீரனின் பெயரும் உண்டு. அரசனுமல்ல, தளபதியுமல்ல, நம் ஜில்லாவின் சாதாரணக் குடியானவன். இன்னும் எத்தனையோ கற்கள் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கேட்பாரின்றிச் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க டிக்கெட்டும் வேண்டாம், உரிமச்சீட்டும் வேண்டாம்.

என் மாணவன் வெகு நேரம் ஒரு கல்லின் முன் பேசாமல் நின்றான். பிறகு, "இத்தனை தேசம் சுற்றினேன் ஸார், பஸ் ஸ்டாண்டிலிருந்து இங்கே நடந்து வரத் தோன்றவில்லை" என்றான்.

"குற்றம் உன்னுடையதல்ல, நடத்தி வராதவனுடையது" என்றேன்.

ஊருக்குப் புறப்படும்போது துப்பாக்கியை என்னிடமே விட்டுச் சென்றான். ரசீதோடு சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். மைசூர் யுத்தப் பாடம் அடுத்த மாதம் வருகிறது. இம்முறை அதை லண்டனிலிருந்தோ ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்தோ அல்ல, பென்னாகரத்திலிருந்தே தொடங்குவதாக இருக்கிறேன்.