மழை பெய்த மறுநாள்

வறட்சிக் கதைகள் பெரும்பாலும் மழை விழுந்ததும் முடிந்துவிடுகின்றன. வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதையில், நீண்ட பஞ்சத்துக்குப் பிறகு கடலிலிருந்து உள்ளங்கை அளவு மேகம் எழுகிறது, பெருமழை கொட்டுகிறது. மறுநாள் காலையில் விவசாயி என்ன செய்தான் என்று அங்கே சொல்லப்படவில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் வாழும் ஆஸ்திரேலியாவில், மர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகை 2017 முதல் 2019 வரை கண்டது, பதிவுகளிலேயே மிகக் குறைந்த மழை பெய்த மூன்றாண்டுகள். 2020 பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸின் பல பகுதிகளில் மழை இறங்கியது. அந்த மண்வாசனைக்கு 1964இல் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தவர்களும் இந்நாட்டு விஞ்ஞானிகளான இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரே.

நான் செவிலி. பல நாள் பட்டினி கிடந்த நோயாளிக்கு முதல் நாளே வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்கமாட்டோம். திடீரென்று உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம்.

காய்ந்த நிலமும் அப்படித்தான். புல் இல்லாத மண் இறுகிக் கிடக்கும். வேகமாகக் கொட்டும் மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். குட்டையில் சேறும் சாணமும் வந்து சேரும். புதிதாக முளைக்கும் புல்லில் பெரும்பங்கு தண்ணீர்தான். மாடுகள் வைக்கோலை விட்டுவிட்டு அந்தப் பச்சையைத் தேடி அலைந்தே இளைத்துப்போகும். அதனால் அனுபவசாலிகள் மழைக்குப் பின்னும் சில வாரங்கள் தீவனம் போடுவதை நிறுத்துவதில்லை. புல் வேர்பிடிக்கும்வரை மந்தையை அடைத்தே வைக்கிறார்கள்.

கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவர், கெடுப்பதும் கைதூக்கி விடுவதும் ஒரே மழைதான் என்கிறார். 2019இன் தொடக்கத்தில் வடமேற்குக் குயின்ஸ்லாந்து இதைக் கண்ணால் கண்டது. பல வருட வறட்சிக்குப் பிறகு வந்த மழையை முதலில் எல்லோரும் கொண்டாடினார்கள். அது குளிர்காற்றோடு நாள்கணக்கில் நீடித்து, வெள்ளமாகி, லட்சக்கணக்கான மாடுகளைக் கொன்றது. வறட்சியில் மெலிந்த உடம்பு குளிரைத் தாங்கவில்லை.

நம்மில் பலருக்கு ஊரில் நிலமிருக்கிறது, அதில் பாடுபடும் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். “இங்கே நல்ல மழை” என்று அலைபேசியில் செய்தி வந்ததும் மகிழ்ந்து, அதோடு மறந்துவிடுகிறோம். மழையோடு பணம் வருவதில்லை. அறுவடை வரைக்கும் செலவுதான். அடுத்த வாரமும் கூப்பிடுங்கள். விதை வாங்கியாகிவிட்டதா, மாட்டுக்கு வைக்கோல் இருக்கிறதா என்று கேளுங்கள்.